கிணற்று நீரில் எண்ணெயும் பூச்சி மருந்தும்: எந்த வடிகட்டிப் பொருள் எதைப் பிடிக்கும்? யாழ்ப்பாண வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் வளவுக் கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை வந்தபோது நான் முதலில் செய்தது, பள்ளிப் புத்தகத்தில் படித்த மூன்று பானை வடிகட்டியைக் கட்டியதுதான். மேல் பானையில் நீர், நடுப் பானையில் அடுப்பிலிருந்து எடுத்த சிரட்டைக்கரி, அதன் கீழ் மணலும் சல்லியும். வடிந்து வந்த நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. வாயருகே கொண்டுபோனால் வாடை அப்படியே இருந்தது. மூன்று கிழமை கரியை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. தோட்டத்துக்கு இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரம் கிணற்றுக்கட்டின்மேல் வைத்திருந்த இடத்தில் எரிபொருள் சிந்திச் சிந்திச் சீமெந்து வெடிப்பு வழியாக இறங்கியிருந்தது. இயந்திரத்தை அப்புறப்படுத்திய பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது. அந்த மூன்று கிழமையில் எழுந்த கேள்விக்கு விடை தேடியே நான் வடிகட்டிப் பொருட்களைப் பற்றிப் படிக்கவும் செய்து பார்க்கவும் தொடங்கினேன்: கரி நீரைச் சுத்தமாக்கும் என்கிறார்களே, என் கரி ஏன் ஒன்றும் செய்யவில்லை?

விடை இரண்டு சொற்களில் அடங்கும். ஒன்று, அடுப்புக்கரி வேறு, ஆலையில் நீராவியால் நுண்துளைகளைத் திறந்து செய்யும் செயலூட்டிய கரி வேறு. மற்றது நேரம். சரியான கரியே ஆனாலும், நீர் அதனோடு போதிய நேரம் தங்காவிட்டால் பயனில்லை. கீழே வரும் எல்லாம் இந்த இரண்டையும் விரித்துச் சொல்வதுதான்.

நமது நிலத்தில் இது ஏன் பெரிய விடயம்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுகிறது. நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரை. அந்தக் கல் முழுதும் வெடிப்பும் குகையுமாக இருக்கிறது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மணற்பாங்கான நிலத்தில் மாசு மெல்ல ஊறி இறங்கும்போது மண்ணும் நுண்ணங்கிகளும் அதில் ஒரு பகுதியை உண்டுவிடும். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே வழக்கமாகச் சொல்லப்படும் 50 அடி இடைவெளியை வலிகாமத்தில் நான் பாதுகாப்பான எல்லையாகக் கருதுவதில்லை.

சுன்னாகத்தில் நடந்தது இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. அனல் மின் நிலையமொன்றின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பெரிய மாசு தீர்ப்போடு மறைந்துவிடாது. ஆனால் என் அனுபவத்தில், வாகனம் திருத்தும் இடங்கள், இறைக்கும் இயந்திரங்கள், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கும் மருந்து, மருந்து கலந்த வாளியைக் கிணற்றடியிலேயே கழுவும் பழக்கம் ஆகிய சிறிய மூலங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. வடிகட்டி வாங்குவதற்கு முன் இவற்றை நிறுத்துங்கள். ஓட்டை வாளியில் நீர் அள்ளுவதுபோல ஆகிவிடக் கூடாது.

சேதன மாசு என்பது எவை, எவை அல்ல

சேதனம் என்றதும் சேதனப் பசளை நினைவுக்கு வரும். இரசாயனவியலில் அது காபனைச் சட்டகமாகக் கொண்ட சேர்வைகளைக் குறிக்கும். நமது கிணறுகளில் இவை நான்கு வகையாக வரலாம். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், இயந்திர எண்ணெய் ஆகியவை ஒரு வகை. இவற்றிலிருந்து பென்சீன், தொலுயீன் போன்றவை நீரில் கரைகின்றன. பூச்சி மருந்தும் களைநாசினியும் இரண்டாவது. இலை, தழை, வேர் உக்கி நீரைத் தேநீர் நிறமாக்கும் இயற்கைச் சாறு மூன்றாவது. அந்தச் சாறோடு குளோரின் சேரும்போது உருவாகும் குளோரோபோம் போன்றவை நான்காவது.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. நைத்திரேற்று சேதன மாசு அல்ல. உப்பும் சேதன மாசு அல்ல, கலத்தில் வெள்ளையாகப் படியும் வன்மையும் அல்ல. வீட்டு வடிகட்டிக் கரி எதுவும் இவற்றை அகற்றாது. நமது தோட்டப் பகுதிகளில் யூரியாவும் எருவும் மலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இலங்கைத் தரமும். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறிவடையும். கரி வடிகட்டி மணத்தையும் சுவையையும் நீக்கிவிடுவதால், நீர் முழுதும் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை மனதில் எழுகிறது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், நைத்திரேற்று அளவு தெரியாமல் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

முதல் படி: உங்கள் நீரை அறிந்துகொள்ளுங்கள்

நீர் மேற்பரப்பில் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் அதைக் கீறிப் பாருங்கள். கீறிய இடம் உடனே மீண்டும் கூடிக்கொண்டால் அது எண்ணெய். ஓடு உடைவதுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால், பெரும்பாலும் பற்றீரியா உண்டாக்கிய படலம். அசுத்தம்தான், ஆனால் எண்ணெய் அல்ல.

வாடையை அறிய, நன்றாகக் கழுவிய ஜாம் போத்தலில் பாதியளவு நீர் விட்டு இறுக மூடி அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். நன்றாகக் குலுக்கி, மூடியைத் திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். எளிதில் ஆவியாகும் சேர்வைகள் போத்தலின் வெற்றிடத்தில் திரண்டிருக்கும். வாடை வந்தால் சந்தேகம் உறுதியாகிறது. வாடை வராவிட்டால் நீர் நல்லது என்று பொருளில்லை: பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும்.

அதனால் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு மாற்று இல்லை. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ கேட்டு, எங்கே என்ன பரிசோதிக்கலாம் என்று அறிந்துகொள்ளுங்கள். நைத்திரேற்று, எண்ணெயும் கிறீஸும், இரசாயன ஒட்சிசன் கேள்வி (நீரில் சேதனப் பொருள் மொத்தமாக எவ்வளவு என்பதைச் சுட்டும் அளவு), மலப் பற்றீரியா ஆகிய நான்கையாவது கேளுங்கள். எண்ணெய்க்கு இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 இன் எல்லை லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். எண்ணெய்ப் பரிசோதனைக்கு மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில்தான் எடுக்க வேண்டும், பிளாஸ்ரிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். ஆவியாகும் சேர்வைகளுக்கானால், காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாதபடி விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். போத்தலை ஆய்வுகூடத்திலிருந்தே கேட்டு வாங்குவது நல்லது.

நீரில் எண்ணெய் மிதப்பது கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படியானால் அந்த நீரை எந்த வீட்டு வடிகட்டியாலும் குடிநீராக்க முயலாதீர்கள். வேறு நீரைத் தேடுங்கள், அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். இந்த வழிகாட்டி அதற்குக் கீழ்ப்பட்ட நிலைக்கு உரியது.

இரண்டாம் படி: பொருளைத் தெரிவுசெய்தல்

மணலிலிருந்து தொடங்குவோம். சாதாரண மணல் மிதக்கும் துகளை மட்டும் தடுக்கும். கரைந்தவை அதன் ஊடாக வந்துவிடும். ஆனால் மணலை எப்போதும் நீருக்கடியில் வைத்து, மணிக்கு 10 முதல் 20 சென்ரிமீற்றர் வேகத்தில் மட்டும் நீரை இறங்கவிட்டால், இரண்டு மூன்று கிழமையில் மேற்பரப்பில் வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்று உருவாகும். அதில் வாழும் நுண்ணங்கிகள் நீரிலுள்ள உக்கக்கூடிய சேதனப் பொருளையும் கிருமிகளையும் உண்ணும். 1829 இல் லண்டன் செல்சி நீர் விநியோகத்துக்கு ஜேம்ஸ் சிம்ப்சன் கட்டியது இந்த வகைதான். இன்றும் பயன்பாட்டில் உள்ள முறை. இலைச்சாற்று வாடைக்கும் கிருமிக்கும் நல்ல முதற்கட்டம். மருந்தையும் எண்ணெயையும் இதை நம்பி விட முடியாது. கடற்கரை மணலானால், உப்புச் சுவை போகும்வரை கழுவி, ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சிப்பித்தூள் அதிகம். ஏற்கனவே வன்மையான நமது நீரை அது இன்னும் கெடுக்கும்.

தேற்றாங்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கலைத் தெளியவைக்கும். நம் முன்னோர் கண்டறிந்த அருமையான முறை. கரைந்த எண்ணெயையோ மருந்தையோ அவை தொடுவதில்லை. முருங்கை விதையின் சாறு தானே சேதனப் பொருள். அதை இட்ட நீர் ஒரு நாளுக்கு மேல் வைத்தால் கெட்டுவிடும்.

இலவம் பஞ்சைப் பலர் தலையணைக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். அதன் இழை உள்ளே வெறுமையான குழல், வெளியே மெழுகுப் பூச்சு. நீரை விலக்கி எண்ணெயை உறிஞ்சும், தன் எடையைப்போல 30 மடங்குவரைகூட. கிணற்றில் தற்செயலாகச் சிந்திய எண்ணெயை அள்ள, பஞ்சை நுளம்புவலைத் துணியில் பொட்டலமாகக் கட்டி மிதக்கவிட்டு எடுக்கலாம். கரைந்த பென்சீனுக்கு இது தீர்வல்ல.

தொழிற்சாலைகளில் எண்ணெய் நீருக்குச் சேதனக் களிமண் என்ற பொருளைக் கரிக்கு முன் வைப்பார்கள். பென்ரோனைற் களியின் படைகளுக்கு இடையே எண்ணெய் விரும்பும் நீண்ட மூலக்கூறுகளைச் செருகிச் செய்வது அது. எண்ணெய்த் துளிகள் கரியின் நுண்துளைகளை மூடிவிடுவதால்தான் இந்த முன்காவல். பாடசாலைக்கோ கோயிலுக்கோ பெரிய அளவில் அமைப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்டறியலாம். இயற்கை சியோலைற் என்ற கனிமம் அமோனியத்தைப் பிடிக்கும், சேதன மாசுக்கு உதவாது. வன்மை நீக்கும் பிசினும் அப்படியே.

நீரை மிக நுண்ணிய சவ்வின் ஊடாக அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. இயந்திரம் தனிக்கதை. உப்பையும் நைத்திரேற்றையும் பெருமளவு குறைக்கும் வீட்டுச் சாதனம் அதுதான். பெரிய மருந்து மூலக்கூறுகளையும் தடுக்கும். ஆனால் பென்சீன், குளோரோபோம் போன்ற சிறிய, மின்னேற்றமற்ற மூலக்கூறுகள் சவ்வின் ஊடாக ஓரளவு நழுவிவிடும். எண்ணெயும் குளோரினும் சவ்வையே கெடுக்கும். ஆகவே ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கும் முன்னால் கரி வேண்டும்.

இனி கரிக்கு வருவோம்.

கரி: அடுப்பும் ஆலையும்

சிரட்டையையோ பனையின் ஊமலையோ காற்றுக் குறைவாக எரித்தால் கரி வரும். ஊமற்கரியில் பல் துலக்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தக் கரிக்குள் துளைகள் உண்டு, ஆனால் அவற்றைத் தாரும் சாம்பலும் அடைத்திருக்கும். அதைச் சுமார் 800 முதல் 1000 பாகை செல்சியசில் நீராவியால் தாக்கும்போது தார் எரிந்து, காபன் சுவர்கள் அரிக்கப்பட்டு, இலட்சக்கணக்கான நுண்துளைகள் திறக்கும். இதுவே செயலூட்டிய கரி. கடையில் அக்ரிவேற்றட் காபன் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இப்படித் திறந்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீற்றர். நமது கணக்கில் 4 பரப்புக் காணி! ஒரு சிட்டிகைக் கருமணலுக்குள் ஒரு வீடும் தோட்டமும் கொள்ளும் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மாசு மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பாடப்புத்தகம் இதைப் புறத்துறிஞ்சல் என்கிறது. நீரை வெறுக்கும் மூலக்கூறு எவ்வளவு அதிகமாக வெறுக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். எண்ணெய்ச் சேர்வைகளும் பல பூச்சி மருந்துகளும் நன்றாகப் பிடிபடுவது இதனால்தான். நீரில் மிக எளிதாகக் கரையும் கிளைபொசேற் போன்றவை சரியாகப் பிடிபடாததற்கும் இதுவே காரணம்.

எந்த மூலப்பொருளின் கரி என்பதும் பார்க்க வேண்டியது. சிரட்டைக் கரியில் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்கும் குறைந்த துளைகள். பென்சீன், குளோரோபோம் போன்ற சிறிய மூலக்கூறுகளுக்கு ஏற்றது; கடினமானது, எளிதில் தூளாகாது. மரக்கரியிலும் நிலக்கரியிலிருந்து செய்ததிலும் அகன்ற துளைகள் அதிகம். இலைச்சாற்று நிறத்தின் பருத்த மூலக்கூறுகளுக்கு அவை பொருந்தும். நமக்கு எண்ணெயும் மருந்துமே முதற்கவலை என்பதால் நான் சிரட்டைக் கரியைத்தான் சொல்வேன். உலகத்துக்கே சிரட்டைக் கரி ஏற்றுமதி செய்யும் நாட்டில் அதைத் தேடுவதும் கடினமல்ல.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கரி எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டும் அயடீன் எண் என்ன? கிராமுக்கு 900 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். குருணை எந்த அளவு? 0.4 முதல் 1.7 மில்லிமீற்றர் வீட்டுக்குப் பொருத்தம்; ஏறக்குறைய அரிசிக் குருணையின் பருமன். குடிநீருக்கென்று விற்கப்படுவதா? அமிலத்தில் கழுவிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது, சாம்பல் குறைவு.

விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் மெதிலீன் நீலம் ஒரு துளியை ஒரு குவளை நீரில் விட்டு இளநீலமாக்கி, இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் பிரித்து, ஒன்றில் இரண்டு தேக்கரண்டி அடுப்புக்கரிக் குருணையும் மற்றதில் அதே அளவு வாங்கிய கரியும் இட்டு இடையிடையே குலுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் வேறுபாடு தெரியும். என் அடுப்புக்கரிப் போத்தல் மறுநாள் காலையிலும் நீலமாகவே இருந்தது. அந்த ஒரு பார்வையில் மூன்று கிழமைத் தோல்விக்கும் காரணம் விளங்கிவிட்டது. சோதித்த நீரையும் கரியையும் கொட்டிவிடுங்கள், குடிக்கும் அமைப்பில் சேர்க்கக் கூடாது.

மூன்றாம் படி: நேரக் கணக்கு

நீர் கரியின் துளைகளுக்குள் தள்ளப்படுவதில்லை. மாசு மூலக்கூறு தானே மெல்ல ஊர்ந்து உள்ளே போக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். சேதன மாசுக்குப் பெரிய நீர் நிலையங்கள் 10 முதல் 20 நிமிடத் தொடுகை நேரம் கொடுக்கின்றன. கணக்கு எளிது: கரிப்படுக்கையின் கனவளவை நீர் ஓடும் வேகத்தால் வகுத்தால் நேரம்.

குழாயில் பொருத்தும் சிறிய கரிக் குடுவையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை லீற்றர் கரி, நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓட்டம். நேரம் 15 விநாடி! குளோரின் வாடையை நீக்க அது போதும், ஏனெனில் குளோரின் கரியின் மேற்பரப்பிலேயே வேகமாகத் தாக்கமுற்று அழிகிறது. கரைந்த எண்ணெய்க்கும் மருந்துக்கும் அந்த 15 விநாடியை நான் நம்பமாட்டேன். குளோரின் வாடை போய்விட்டது என்பதால் மற்றவையும் போய்விட்டன என்று எண்ணுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. கரி மற்ற மாசுகளால் நிரம்பி வழியத் தொடங்கிய பிறகும், மாதக்கணக்கில் குளோரினை மட்டும் அகற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது நமது கணக்கு. நால்வர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் வைத்துக்கொள்வோம். குளிக்கவும் துவைக்கவும் வடிகட்ட வேண்டியதில்லை. 20 லீற்றரை 2 மணி நேரத்தில் வடியவிட்டால் மணிக்கு 10 லீற்றர். உள்விட்டம் 10 சென்ரிமீற்றர் உள்ள பைப்பில் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கரி நிரப்பினால் கனவளவு ஏறக்குறைய 3.1 லீற்றர்; எடை ஒன்றரைக் கிலோ அளவில். தொடுகை நேரம் கிட்டத்தட்ட 19 நிமிடம். பெரிய நீர் நிலையம் கொடுக்கும் நேரம், நமது குசினி மூலையில்.

நான்காம் படி: கட்டுதல்

110 மில்லிமீற்றர் பிவிசி பைப்பில் 60 சென்ரிமீற்றர் நீளத் துண்டுகள் இரண்டு வாங்குங்கள். கட்டாயம் இரண்டு, காரணம் பின்னால் வரும். குடிநீர்க் குழாய்க்கு உரிய வகையாக இருக்கட்டும். அடிமூடியைப் பசையிட்டு ஒட்டியபின் குறைந்தது மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் காயவிட்டு, பலமுறை நீர் ஊற்றிக் கழுவுங்கள். அந்தப் பசையே சேதனக் கரைப்பான்களால் ஆனது. அவசரப்பட்டால் எதை அகற்றக் கட்டுகிறோமோ அதையே நீரில் சேர்த்துவிடுவோம்.

அடிமூடிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் வெளிக்குழாய். உள்ளே துருப்பிடிக்காத வலை, அதன்மேல் கழுவிய சிறு சல்லி 5 சென்ரிமீற்றர், அதன்மேல் கரி 40 சென்ரிமீற்றர். வெளிக்குழாயை மேல்நோக்கி எடுத்து, கரி மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் மேலே, அதாவது அடியிலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில், வளைத்துக் கீழிறக்குங்கள். இப்படிச் செய்தால் நீர் நின்றாலும் கரி எப்போதும் மூழ்கியிருக்கும். கரி காய்ந்தால் உள்ளே காற்று புகுந்து, நீர் இடைவெளி தேடி ஓடிவிடும். வளைவின் உச்சியில் ஓர் ஊசித்துளை இட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குழாய் உறிஞ்சியிழுத்துப் பைப்பை வடித்துவிடும். நான் அதை இடாமல் விட்டு இரண்டு தடவை கரியைக் காயவிட்டேன்.

நீர் வரும் ஒழுங்கு இப்படி: வால்வு பொருத்திய 25 லீற்றர் வாளி, பின் 5 மைக்ரோன் துகள் வடிகட்டி அல்லது மணல், பின் முதற்பைப், பின் இரண்டாம் பைப், இறுதியில் மூடியுள்ள பானை. ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும், படிக்கட்டுப் போல. எல்லாவற்றின் வாயையும் நுளம்புவலையால் கட்டுங்கள், டெங்கு உள்ள ஊர்.

வாளி நிறைந்திருக்கும்போது வால்வைத் திருகி வேகத்தைச் சரிசெய்யுங்கள். 200 மில்லிலீற்றர் குவளை நிரம்ப 72 விநாடி எடுத்தால் மணிக்கு 10 லீற்றர். வாளி குறையக் குறைய வேகம் தணியும். அது நமக்கு நன்மைதான்.

ஐந்தாம் படி: கரியைத் தயார்செய்து ஓடவிடுதல்

உலர்ந்த கரியைக் கொட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். வாளியில் இட்டு நீர் ஊற்றி, கருந்தூள் போகும்வரை அரிசி களைவதுபோலக் களையுங்கள். பின் ஒரு முழு நாள் ஊறவிடுங்கள். துளைகளுக்குள் இருக்கும் காற்று சிறு குமிழாகச் சீறிக்கொண்டு வெளியேறும் ஓசை கேட்கும். ஊறிய கரியை, நீர் நிற்கும் பைப்புக்குள் மெல்லக் கரண்டியால் இறக்குங்கள். முதல் 30 லீற்றரைச் செடிக்கு விடலாம். சாம்பலால் அது சற்றுக் காரத்தன்மையோடு இருக்கும்.

கரி கிருமியைக் கொல்லாது. மாறாக, ஒட்டிய சேதனப் பொருள் பற்றீரியாவுக்கு உணவாகி, கரியே அவற்றின் குடியிருப்பாகலாம். அதனால் கிருமி நீக்கம் எப்போதும் கரிக்குப் பிறகு. வடிந்த நீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். குளோரினைக் கரிக்கு முன் இட்டால், கரி அதை அழித்துவிடும். அதோடு, இலைச்சாறு உள்ள நீரில் முன்னதாகக் குளோரின் இடுவது குளோரோபோம் உண்டாக வழிசெய்யும்.

ஆறாம் படி: மாற்றுதல்

இரண்டு பைப் ஏன் என்பதற்கு வருகிறேன். கரி எப்போது நிரம்பியது என்று கண்ணால் அறிய முடியாது. முதற்பைப்பில் தப்பியதை இரண்டாவது பிடிக்கும். ஆறு மாதம் ஆனதும் முதற்பைப்பின் கரியை வெளியேற்றி, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்தி, புதிய கரியிட்டதை இரண்டாமிடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கரியும் ஓராண்டு உழைக்கும், கடைசிக் காவலில் எப்போதும் புதியது நிற்கும். நான் மாரி ஓய்ந்த தை மாதத்தில் ஒரு தடவையும் ஆடியில் ஒரு தடவையும் மாற்றுகிறேன். மாரி மழை தோட்டத்து மருந்தைக் கழுவிக் கிணற்றுக்குள் இறக்கும் காலம் என்பதால், தை மாதத்து மாற்றத்தை ஒருபோதும் தள்ளிப்போட மாட்டேன். நாளுக்கு 20 லீற்றர் என்ற கணக்குக்கும் லேசான மாசுக்கும் இது பொருந்தும். ஆய்வுகூட அறிக்கை மோசமாக இருந்தால் மூன்று மாதமாகக் குறையுங்கள். இரண்டாம் பைப்பிலிருந்து வரும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

நிரம்பிய கரியைத் தொடர்ந்து பயன்படுத்துவது பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மாசு கூடிய நீருக்குப் பின் மாசு குறைந்த நீர் வரும்போது, பிடித்து வைத்ததைக் கரி திரும்பவும் விடத் தொடங்கும். வெயிலில் காயவைத்தாலோ வெந்நீரில் அவித்தாலோ கரி புதிதாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆகாது. அதை மீட்க மறுபடியும் 800 பாகை அளவில் சூளை வேண்டும்.

ஊருக்குப் போய் ஒரு கிழமை பூட்டிக்கிடந்த வீட்டில், முதல் 6 லீற்றரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். அதுதான் இரண்டு பைப்களிலும் தேங்கிக் கிடந்த நீர்.

எடுத்த பழைய கரியை மாமரத்தடியில் கொட்டவும் கூடாது, அடுப்பில் இட்டு எரிக்கவும் கூடாது. அதற்குள் இருப்பது ஓராண்டு எண்ணெயும் மருந்தும். நீரை வடித்து, தடித்த பையில் இறுகக் கட்டி, கிணற்றிலிருந்து தள்ளி மழை படாத இடத்தில் வைத்து, குப்பை சேகரிக்க வரும் உள்ளூராட்சி சபைப் பணியாளரிடம் அது என்னவென்று சொல்லிக் கொடுங்கள். பைப்பின் வெளிப்புறத்தில், கரி இட்ட திகதியைப் பெயின்ரால் பெரிதாக எழுதி வையுங்கள்.